லைட்டை அணைக்காமல் தூங்கிய அந்த ராத்திரி

என் போன் வால்பேப்பரில் இருப்பது ஓர் அந்துப்பூச்சி. பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஏன், பட்டாம்பூச்சி கிடைக்கலையா?"

இந்தக் கிறுக்கை ஆரம்பித்துவைத்தது மோத்ரா. 1961-ல் வந்த ஜப்பானியப் படத்தின் ராட்சத அந்துப்பூச்சி. தன் தீவிலிருந்து கடத்தப்பட்ட இரண்டு குட்டிப் பெண்களை மீட்கக் கடல் தாண்டி வருவாள். நண்பர்கள் காட்ஸில்லா வரைந்தபோது, நான் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மோத்ராவை வரைந்து தள்ளினேன். இறக்கை எப்படி விரியும், இறகு மாதிரியான அந்த உணர்கொம்பு எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நிஜப் பூச்சிகளைத் தேட ஆரம்பித்தேன்.

போன வருடம் கூடலூரில் சித்தி வீட்டு மொட்டை மாடி. கொடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, எதிரே எல்.இ.டி பல்பைத் தொங்கவிட்டேன்.

"ஏன்டி, மனுஷங்க தூங்குற நேரத்துல பூச்சிங்களுக்கு விருந்தா?" என்று சித்தி சிரித்தார்.

பதினோரு மணிக்கு வந்தது, நிலா அந்துப்பூச்சி! வெளிர் பச்சை இறக்கைகள், நீண்ட வால்கள். எனக்குக் கை நடுங்கியது. ஆசை தீர போட்டோ எடுத்தேன். அதே சந்தோஷத்தில் லைட்டை அணைக்காமலேயே போய்த் தூங்கிவிட்டேன்.

காலையில் வேட்டி காலியாக இருந்தது. விடிந்ததும் ஏதோ பறவை கொத்தியிருக்க வேண்டும். தரையில் கிடந்த ஒரே ஒரு பச்சை இறக்கையை எறும்புகள் இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. சித்தி எதுவும் சொல்லவில்லை. வேட்டியை மட்டும் மடித்து எடுத்துப் போனார்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். வளர்ந்த நிலா அந்துப்பூச்சியால் எதையும் சாப்பிட முடியாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஏறக்குறைய ஒரு வாரம்தான் வாழும். துணை தேடுவது, முட்டையிடுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அதில் ஒரு ராத்திரியைத்தான் நான் போட்டோவுக்காக எடுத்துக்கொண்டேன்.

'விளக்கைத் தேடி வரும் விட்டில்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2024-ல் வெளியான ஆய்வு வேறு காரணம் சொல்கிறது. இரவிலும் தரையைவிட வானம்தான் வெளிச்சம். அதனால் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறப்பது இந்தப் பூச்சிகளின் வழக்கம். பக்கத்தில் பல்பு எரிந்தால், அதையே வானமாக நினைத்துத் தடுமாறி, அதைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. விலகிப் போக வழி தெரிவதில்லை.

இப்போது எங்கள் வீட்டு பால்கனி லைட் தேவை இல்லாமல் எரிவதில்லை. வால்பேப்பரில் இருப்பதும் போட்டோ இல்லை. மோத்ராவின் உடம்புக்கு அந்தப் பச்சை இறக்கைகளை வைத்து நான் வரைந்த படம். இறக்கைகள் முழுசாக இருக்கின்றன.

போன வாரம் சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். "நேத்து உன் பச்சைப் பூச்சி ஒண்ணு வந்துச்சுடி. உடனே லைட்டை அணைச்சுட்டேன். போட்டோ எடுக்கல, பரவாயில்லையா?"

"பரவாயில்ல சித்தி. நான் வரைஞ்சுக்கறேன்."