எங்கள் வீட்டு வானவில் மீன்கள்

வண்ண மீன் வளர்ப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். பணத்தைக் காட்டிலும் பொறுமையே அதற்கு மிகுதியாக வேண்டும் என்பதை எங்கள் வீட்டு மீன்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தன. ‘எங்களுக்கு’ என்றால் அப்பா, அம்மா, பாட்டி, அக்காள் தங்கை இருவர் ஆக ஐந்து பேருக்கும்தான்.

வானவில் மீன்களின் தாயகம் ஆஸ்திரேலியாவும் நியூகினித் தீவும் ஆகும். அவற்றுள் நாங்கள் வளர்ப்பது போஸ்மானி என்னும் வகை. நியூகினியின் மேற்குக் கோடியில் பறவையின் தலை போன்ற வடிவுடைய தீபகற்பம் ஒன்று உண்டு. இந்தோனேசியாவைச் சேர்ந்த அப்பகுதியில் உள்ள அயமாரு ஏரிகளே இம்மீனின் பிறப்பிடம். பூஸ்மன் என்ற டச்சு விஞ்ஞானி 1950களில் அங்கிருந்து இதைச் சேகரித்தார். 1980இல் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார்கள். வளர்ந்த ஆண் மீனின் முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. இரு வேறு மீன்களை நடுவில் ஒட்டவைத்ததோ என்று ஐயுறத் தோன்றும்!

மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொட்டி வந்துவிட்டது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 250 லிட்டர் தண்ணீர் கொள்ளும். “வெறுந் தண்ணீரை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?” என்று பாட்டி கேலி செய்தார். ஆனால் அது வெறுந் தண்ணீர் அன்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். அவை வடிகட்டியின் பஞ்சில் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். விருந்தினர் வருமுன் வேலையாட்களை அமர்த்துவது போன்றதே இது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரோ துணி துவைத்தால் நுரை வராத உப்புத் தண்ணீர். சுண்ணாம்புப் பாறை நிலத்து ஏரியில் பிறந்த இம்மீனுக்கு அதுவே ஒத்துப்போயிற்று.

2023 ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, சென்னையில் வண்ண மீன்களுக்குப் பேர்போன கொளத்தூருக்குச் சென்றோம். இரண்டு மீன் போதும் என்றார் அப்பா. கடைக்காரப் பெரியவர் ஒப்பவில்லை. “ஒண்ணு ரெண்டா வாங்காதீங்க சார். ஆறுக்குக் குறைஞ்சா இது மூலையிலே ஒதுங்கிடும். ஆணும் பெண்ணுமாக் கலந்து எட்டா எடுத்துக்கிட்டுப் போங்க. நிறம் தானா வரும்” என்றார். மூன்று ஆணும் ஐந்து பெண்ணுமாக எட்டு மீன்கள் வந்தன. விரல் நீளம், சாம்பல் நிறம். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “வாய்க்கால் மீனைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?” என்று சிரித்தார்.

நாங்கள் காத்திருந்தோம். வாயும் தொண்டையும் சிறிய மீன்களாதலால் உணவைப் பொடித்துப் போட்டோம். வாரந்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றினோம். துள்ளிக் குதிக்கும் இயல்புடையவை என்பதால் தொட்டியை மூடியே வைத்தோம். எட்டாம் மாதம், ஒரு காலை வேளையில், விளக்கைப் போட்டதும் ஆண் மீன்கள் துடுப்புகளை விரித்துப் பெண் மீன்களின் முன் ஒன்றோடொன்று போட்டியிட்டு நீந்தின. அப்போது அந்த நீலமும் ஆரஞ்சும் சுடர்விட்டதைக் கண்டு அம்மா அடுப்பை மறந்தே போனார்! அந்த அழகு நமக்காக ஏற்பட்டதன்று. ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்ள ஏற்பட்டது. பார்க்கும் பேறு மட்டுமே நமக்கு.

அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 4ஆம் தேதி சென்னை வெள்ளக்காடாயிற்று. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் போய்விட்டது. காற்றுக் குமிழ் நின்றது. ஊரெல்லாம் தண்ணீர், ஆனால் தண்ணீரில் வாழும் மீனுக்கோ மூச்சு முட்டியது! மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினால் காற்று நீரில் கரையும். ஐவரும் முறை வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவு பகலாக ஊற்றினோம். பின்னிரவு முறையைப் பாட்டி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். கழிவு சேராதிருக்க உணவை நிறுத்தினோம்.

“வெளியேதான் இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, விட்டுவிடலாமா?” என்று எங்களில் இளையவள் அழுதாள். அப்பா மறுத்தார். சாக்கடை கலந்த வெள்ளத்தில் அவை பிழைக்கமாட்டா. பிழைத்தாலும் அயல்நாட்டு மீனை நம் நீரில் விடுவது தகாது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வளர்க்கப்பட்ட சக்கர் மீன்கள் நம் ஏரிகளில் பெருகி, நம் நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாக இருப்பதைச் சுட்டிக் காட்டினார்.

மூன்றாம் நாள் விடியலில் ஒரு பெண் மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம். அன்று மாலை மின்சாரம் வந்தது. எஞ்சிய ஏழும் நிறம் வெளுத்து ஒரு மூலையில் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. வாங்கி வந்த நாளில் இருந்த அதே சாம்பல் நிறம். “உயிர் இருக்கிறதல்லவா, நிறம் வரும்” என்றார் பாட்டி. பத்து நாட்களுக்குப் பின் அது வந்தது.

அயமாரு ஏரிகளில் இம்மீன் இன்று அழியும் ஆபத்தில் உள்ளது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. எங்களிடம் உள்ளவை பண்ணையில் பிறந்தவை. அந்த ஏரியைக் கண்டவை அல்ல. ஆயினும் ஏழு உயிர்கள் எங்கள் பொறுப்பில் உள்ளன என்பதை அந்தச் செய்தி நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த ஆண்டு தொட்டியின் பாசியில் குண்டூசித் தலையளவு முட்டைகள் தென்பட்டன. பெரிய மீன்கள் தின்றுவிடாதபடி பாசியோடு எடுத்துத் தனிப் பாத்திரத்தில் வைத்தோம். ஒரு வாரத்திற்கு மேல் ஆனதும் கண்ணிமை போன்ற குஞ்சுகள் நீந்தின. பச்சைத் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களே அவற்றின் முதல் உணவு. பல மடிந்தன; சில வளர்ந்தன.

செய்தியறிந்து பக்கத்து வீட்டு அத்தை வந்தார். “எங்க பையனுக்கு ஒரு ஜோடி குடுங்கடி, கண்ணாடிக் கிண்ணத்திலே விட்டுக்கறேன்” என்றார். கொடுக்கமாட்டோம் என்றோம், அவர் முகம் வாடியது. பெரிய தொட்டி வாங்குங்கள், ஒரு மாதம் தண்ணீரைப் பழக்குங்கள், நாங்கள் வந்து உதவுகிறோம் என்று விளக்கினோம். தொட்டி வந்தது, மாதமும் கழிந்தது. சாம்பல் நிறக் குஞ்சுகள் ஆறினை எண்ணிப் பார்த்துக் கொடுத்தோம்.