தண்ணி வர்ற வழி

வண்டியூர்க்காரன் என்று சொன்னதுமே வெளியூர் ஆட்கள் கேட்பது இரண்டே கேள்விதான். "தெப்பக்குளத்துல தண்ணி கிடக்கா?" "கண்மாயில தண்ணி கிடக்கா?" என்னமோ நான்தான் ராத்திரி எழுந்து குடம் குடமாக ஊற்றுகிற மாதிரி!

என் தாய்மாமாவுக்குத் தண்ணிக் கவலை வேறு மாதிரி. கள்ளந்திரி பக்கம் அவருக்கு ரெண்டு ஏக்கர் நஞ்சை. பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம். பக்கத்து வயல்களில் கல் நட்டு, கலர்க் கொடி கட்டியாகிவிட்டது. புரோக்கர் வாரம் தவறாமல் வந்து காபி குடித்துவிட்டுப் போகிறார். விற்றுவிடலாம் என்று சொன்ன கட்சியில் நானும் உண்டு.

"நாப்பது வருஷமா இந்தத் தண்ணிய பாய்ச்சியிருக்கேன் மாப்ள. எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவகூடப் பார்த்ததில்ல. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால பார்த்துரணும்" என்றார்.

ஆபீஸில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, ஆரப்பாளையத்தில் ராத்திரி பஸ் ஏறினோம். விடியும்போது குமுளி. மாமா பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "டீ பரவால்ல".

தேக்கடி என்றால் நம் ஆட்களுக்குப் படகு சவாரிதான். வரிசையில் நின்று, படகில் ஏறி, தூரத்தில் தெரிகிற கறுப்புப் புள்ளியை யானை என்று நம்பிவிட்டு வருவது. நாங்கள் நடந்து போவது என்று முடிவு செய்திருந்தோம். வனத்துறை ஆட்களோடு காலையில் காட்டுக்குள் போனால் சாயங்காலம்தான் திரும்புவோம். கூடவே துப்பாக்கியோடு ஒரு காவலர்.

புறப்படும்போதே சிக்கல். "வெள்ளை வேட்டி வேணாம்யா, மிருகம் தூரத்துலயே பார்த்துரும்" என்றார் வழிகாட்டி. மாமா என் பச்சைக் கைலிக்கு மாறினார். அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரை கித்தான் உறை வேறு மாட்டிவிட்டார்கள். மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே அந்த உறையோடு அவர் நின்ற கோலம், வள்ளி திருமணம் நாடகத்தில் பாதி வேஷம் போட்ட வேடன் மாதிரி இருந்தது. சிரித்தால் தாய்மாமன் சீர் கட்டாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

1934-ல் திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் விலங்குகள் சரணாலயமாக ஒதுக்கப்பட்ட இடம் இது. 1978-ல் புலிகள் காப்பகம் ஆனது. 1982-ல் உட்பகுதி தேசியப் பூங்கா ஆனது. புலி எங்கள் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் ஒரு காலத்தில் இதே காட்டில் பட்டை திருடியவர். காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்கிற கும்பல். 1990-களின் பின்பாதியில் வனத்துறை அவர்களைத் திருத்தி வழிகாட்டிகளாக்கியது.

"அப்போ ராத்திரிதான் நடப்போம். காக்கிய பார்த்தா ஓட்டம். இப்போ காக்கி கூடவே பகல்ல நடக்குறோம். சம்பளம் கொறச்சல்தான்... தூக்கம் வருது" என்றார். எந்தப் பாதையில் யானை வரும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? மூங்கிலில் கிடந்த முறிவைப் பார்த்து, "இன்னிக்கு விடியக்காலை" என்றார். நான் மாமாவின் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

மரங்கள் விலகியதும் ஏரி.

தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் கறுப்பாக நின்றன. அணை கட்டி 1895-ல் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காடு. நூற்று முப்பது வருஷமாகியும் கட்டைகள் விழவில்லை. மேலே நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக் கொண்டிருந்தன. எதிர்க்கரையில் குட்டியோடு ஆறு யானைகள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, மாமா மட்டும் குனிந்து ஏரியில் வந்து விழுகிற ஓடையைப் பார்த்துக் கொண்டிருந்தார். இடுப்புயரப் பாறையிலிருந்து குதிக்கிற சின்ன அருவி.

"இங்க மழை விட்டு எத்தன நாளாச்சு?"

"அஞ்சு நாள்."

"பாரு மாப்ள. இன்னும் தெளிவா ஓடுது. நம்ம பக்கம் மழை விட்டு அஞ்சு மணி நேரத்துல செம்மண்ணா ஓடி முடிஞ்சிரும்." காலால் மண்ணை அழுத்திக் காட்டினார். பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கியது. "தண்ணி ஏரியில மட்டும் இல்லடா. காட்டுக்குள்ளயும் இருக்கு."

இந்தத் தண்ணீர் இயல்பாக மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டியது. அதைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை யோசித்திருக்கிறார். பணம் இல்லாமல் நின்றுபோனது. 1887-ல் பென்னிகுயிக் வேலையை ஆரம்பித்தார். கட்டியதை வெள்ளம் அடித்துப் போக, காய்ச்சலில் கூலியாட்கள் சாக, எட்டு வருஷம். அப்புறம் மலையைக் குடைந்து ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு சுரங்கம். நான் விவரம் சொல்லச் சொல்ல மாமா, "செத்தவங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சாயங்காலம் கம்பம் போகிற ஜீப்பில் இடம் பிடித்தோம். மலைச்சாலையில் இரைச்சல் பாலத்தில் டிரைவர் ஐந்து நிமிஷம் நிறுத்தினார். சுரங்கம் வழியாக வருகிற தண்ணீரில் பெரும்பகுதி ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு ஆற்றுக்குப் போகிறது. மிச்சத்தைத் திறந்துவிட்டால் இங்கேதான் விழும். அன்றைக்கு விழுந்தது. பேசினால் காது கேட்காத சத்தம். பேர் வைத்தவன் கெட்டிக்காரன்!

இங்கிருந்து முல்லையாறு, வைகை அணை, பேரணை, கால்வாய், கள்ளந்திரி. மாமா வாய்க்குள்ளேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டார், பஸ் ஸ்டாப்பிங் மாதிரி. முகத்தில் சாரல்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. புரோக்கர்.

"என்னது? சத்தமா சொல்லுங்க... ஒண்ணும் கேக்கல... தண்ணிச் சத்தம்... ஆமா, தண்ணி!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

ஜீப் கிளம்பிப் பாலத்தைத் தாண்டி, சத்தம் அடங்கிய பிறகும் அவர் திருப்பிக் கூப்பிடவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.