ஓரங்கட்ட ஓர் இடம்

ஓட்டுநரின் தூக்கக் கலக்கமே விபத்துக்குக் காரணம். செய்தித்தாளில் இந்த வரி வராத வாரம் கிடையாது. மற்ற ஊர்க்காரர்கள் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். எங்கள் நாமக்கல் பக்கத்துப் பெண்கள் அப்படிப் போக முடியாது. முதலில் வண்டியின் பதிவு எண் டிஎன் 28ஆ, டிஎன் 34ஆ என்று பார்ப்போம். அப்புறம்தான் மூச்சு வரும். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் முட்டை லோடும் கேஸ் டேங்கர்களும் சோறு போடும் ஊர் எங்களுடையது. நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது ஓர் ஆண் சாலையில் இருப்பார். அவருக்காக ஒரு பெண் விழித்திருப்பாள்.

அப்பா 31 வருடம் லாரி ஓட்டினார். பெரும்பாலும் மும்பை லைன். நாமக்கல்லிலிருந்து போக மட்டும் 1,200 கிலோமீட்டருக்கு மேல். செல்போன் வந்த பிறகு அம்மாவின் இரவுகள் மாறின. பதினொன்றுக்கு ஒரு போன், ஒன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"தும்கூர் தாண்டிட்டேன் புள்ள."

"கண்ணு சொக்குதுங்களா? ஓரங்கட்டிட்டுப் படுங்களேன்."

"எடம் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். இடம் கிடைக்கும்வரை அம்மா பேச்சை விடமாட்டார். பக்கத்து வீட்டுச் சண்டை, தக்காளி விலை, என் பரீட்சை மார்க் என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். விடிந்ததும் ஆறு மணிக்குக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போக வேண்டும். அப்பாவுக்கு டிரிப்புக்குச் சம்பளமும் பேட்டாவும் உண்டு. அந்த வண்டியைத் தூங்காமல் ஓட வைத்த அம்மாவின் வேலைக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை.

பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: "ரோடுதான் அவ்வளவு நீளமா இருக்கே, எங்க வேணா நிறுத்தலாமே?" லோடு ஏற்றிய லாரியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடியாது. இறுகிய தரை வேண்டும், மழை பெய்த மண் ஓரத்தில் இறக்கினால் சக்கரம் புதையும். திரும்பவும் சாலைக்கு ஏற அகலம் வேண்டும். கொஞ்சம் வெளிச்சமும், விழித்திருக்கும் ஆட்கள் நாலு பேரும் வேண்டும். இல்லாவிட்டால் காலையில் டீசல் டேங்க் காலியாக இருக்கும், தார்ப்பாய் கிழிந்திருக்கும். தண்ணீரும் கக்கூஸும் வேண்டும். இத்தனையும் சேர்ந்த இடம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று?

பங்க்கில் டீசல் போட்டால்தான் நிற்கவிடுவார்கள். டாபாவில் சாப்பிட்டால் நிற்கலாம், ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே இடம் நிரம்பிவிடும். பெரிய நகரங்களுக்குள் பகலில் கனரக வாகனங்களை விடுவதில்லை. அதனால் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஊர் எல்லையில் வந்து குவிகின்றன. சென்னையில் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வரிசை நகர நகரத் தூங்காமல் வண்டியை எடுக்க வேண்டும். நால்வழிச் சாலை வந்தபோது புளியமரங்கள் போயின. அப்பாவின் தலைமுறை அந்த நிழலில்தான் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்து, வண்டிக்கடியில் துண்டை விரித்துத் தூங்கியது. வேகத்துக்கு இடம் ஒதுக்கியவர்கள் ஓய்வுக்கு ஒதுக்கவில்லை.

சாலை ஓரத்திலேயே நிறுத்தினால் அபராதம். அதைவிட மோசம், பின்னால் வரும் கார் இருட்டில் வந்து மோதும். நின்றாலும் குற்றவாளி, ஓடினாலும் குற்றவாளி.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 9 மணி நேரம் விட வேண்டும் என்றது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கான சட்டம். எங்கள் பக்கம் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளிகளே அதிகம். சட்டம் எட்டிய இடத்திலும், அந்த அரை மணி நேரத்தை எந்த இடத்தில் கழிப்பது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

2017 ஐப்பசியில் அப்பா ஒரு குடோனுக்கு லோடு கொண்டுபோனார். இரவு பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். காலை எட்டுக்குத்தான் கேட் திறக்கும், அதுவரை வாசலில் நிற்கக்கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். நெடுஞ்சாலைக்கு வந்து ஓரங்கட்டினார். அரை மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்து கதவைத் தட்டி எடுக்கச் சொன்னது. அடுத்த பங்க்கில் வாட்ச்மேன் விடவில்லை. அதற்கடுத்த டாபாவில் இடமில்லை. இரண்டேகாலுக்கு அம்மாவிடம், "எடம் கெடச்சிருச்சு புள்ள, நீ தூங்கு" என்றார். மூன்று நாற்பதுக்கு வண்டி தடுப்புச் சுவரில் ஏறிக் கவிழ்ந்தது. கிளீனர் பையன் சிராய்ப்போடு தப்பித்தான். அப்பாவின் இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியது.

இடம் கிடைக்கவில்லை. அம்மா கொஞ்சம் தூங்கட்டும் என்று சொன்ன பொய் அது.

வழக்கில் எழுதப்பட்டது, தூக்கக் கலக்கத்தில் அஜாக்கிரதையாக ஓட்டியது. கேட்டைத் திறக்காத குடோனோ, எழுப்பி விரட்டிய ரோந்தோ, மறுத்த வாட்ச்மேனோ அந்தத் தாளில் இல்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். காபி குடித்துக்கொண்டே ஒரு பெரியம்மா சொன்னார்: "நீ இன்னுங் கொஞ்சம் பேசிட்டு இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்காது." தலையாட்டிய நாலு பேரில் மூன்று பேர் பெண்கள். அம்மா பதில் சொல்லவில்லை, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நெடுஞ்சாலைத் துறையும் சரக்கு நிறுவனமும் காவல்துறையும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாதபோது, அந்தப் பழியை இறக்கிவைக்கக் கடைசியில் ஒரு பெண்ணின் மடி கிடைத்துவிடுகிறது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. நான் இப்போது வேறு ஊரில், புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். சர்வீஸ் சாலையில் நிற்கும் லாரிகளை அப்புறப்படுத்தச் சொல்லி எங்கள் தெருவில் ஒரு மனு சுற்றி வந்தது. முதல் காரணமாக எழுதியிருந்தது பெண்கள் பாதுகாப்பு. என்னிடம் கையெழுத்துக் கேட்டு வந்தவரிடம், "இந்தச் சாலையில தெருவிளக்கு இல்லைங்க, பஸ் ஸ்டாப்புல கூரை இல்ல, ஒரு பொதுக் கழிப்பறை இல்ல. அதெல்லாம் மனுவுல இருக்குங்களா?" என்று கேட்டேன். இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

நிற்கும் லாரிகளுக்கு நடுவே இருட்டில் நடந்துபோகும் பெண்ணின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு, சில ஓட்டுநர்கள் பேசும் பேச்சையும் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் பாதுகாப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டது லாரி இல்லாத சாலையை மட்டுமே. லாரி போன பிறகும் அந்த இருட்டு எங்களுக்கு அப்படியேதான் இருக்கும். லாரி இன்னும் இருட்டான வேறோர் இடத்துக்குப் போகும். அங்கேயும் பெண்கள் இருப்பார்கள், டீக்கடை வைத்திருப்பவர், பாலியல் தொழில் செய்பவர், வேலை முடிந்து வீடு திரும்புபவர் என்று. எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரங்களில் புள்ளிராஜா பெயர் தமிழ்நாடெங்கும் ஒலித்த காலத்தில் நான் பள்ளியில் படித்தேன். 'லாரிக்காரன் பொண்ணு' என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஆண்கள் ஏன் மாதக்கணக்கில் வீடு வராமல் சாலையில் கிடக்கிறார்கள் என்ற கேள்வி எங்கள் வகுப்பில் எழவில்லை.

பத்து வயதுவரை கோடை விடுமுறையில் அப்பாவோடு இரண்டு முறை ஹூப்ளிவரை போயிருக்கிறேன். கேபினில் அப்பா சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துக்கொண்டு வானம் பார்ப்பேன். வயதுக்கு வந்ததும் அது நின்றது. "எங்க கண்ணு ஒதுங்குவ?" என்றார் அப்பா. அண்ணன் தொடர்ந்து போனான், தொழில் கற்றுக்கொண்டான். ஒரு பெண் அந்தத் தொழிலுக்குள் வருவதைத் தடுக்கத் தனியாக ஒரு விதி தேவைப்படவில்லை, நிறுத்துமிடத்தில் ஒரு கக்கூஸ் இல்லாததே போதுமாக இருந்தது. போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர், கணவர் இறந்த பிறகு லாரி ஓட்ட வந்தவர். அவரைப் பற்றிய செய்திகளில் எல்லோரும் துணிச்சலைப் பாராட்டினார்கள். துணிச்சல் இருந்தால்தான் ஒரு பெண் சிறுநீர் கழிக்க முடியும் என்றால், அந்தச் சாலையை யாருக்காகப் போட்டார்கள்?

ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி இதை நாட்டின் பிரச்சினையாக மாற்றிய கதை ஒன்று உண்டு. 2009 மார்ச்சில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், பால் லோடு ஏற்றிச் சென்ற ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் சீக்கிரமே வந்துவிட்டார். இறக்குமிடத்தில் நிற்க முடியாது என்பதால் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி ஓய்வெடுத்தார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்று 7 டாலரைத் திருடிக்கொண்டு போனார்கள். மனைவி ஹோப் அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார். பிள்ளை பெற்ற உடம்போடு, ஓட்டுநர்கள் பாதுகாப்பாக நிற்க இடம் வேண்டும் என்று அவர் தொடங்கிய போராட்டத்தால் 2012இல் 'ஜேசன் சட்டம்' வந்தது. அதன்படி எடுத்த கணக்கு 2015இல் வெளியானது. நான்கில் மூன்று பேருக்கு மேல், ஓய்வு தேவைப்படும்போது பாதுகாப்பான இடம் கிடைப்பதில்லை என்று சொல்லியிருந்தார்கள். அத்தனை வசதியுள்ள நாட்டிலும் நிலைமை இதுதான். இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். வெகுநேரம் கழித்து, "அந்தப் புள்ளையை யாரும் குத்தஞ் சொல்லலையா?" என்று கேட்டார்.

இங்கேயும் சில அசைவுகள் தெரிகின்றன. தேசிய நெடுஞ்சாலைகளில் முதற்கட்டமாக 1,000 ஓய்வு இல்லங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். எண்ணெய் நிறுவனங்கள் சில பங்க்குகளில் படுக்கை, குளியலறையோடு 'அப்னா கர்' என்ற பெயரில் ஓய்விடங்கள் வைத்திருக்கின்றன. புதிதாகத் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். நல்லதுதான். ஆனால் டெலிவரி நேரத்தை முடிவு செய்யும் கம்பெனி, ஓட்டுநர் தூங்க வேண்டிய மணி நேரத்தையும் அதில் சேர்த்துக் கணக்குப் போடாதவரை படுக்கை காலியாகவே கிடக்கும். சரக்கைப் பெறுகிற இடமே முன்கூட்டி வந்த வண்டி நிற்க இடம் தர வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஓய்விடம் என்று எங்கே கட்டினாலும் அதில் பெண்களுக்கும் கழிப்பறை வேண்டும்.

அண்ணன் இப்போது புனே லைன் ஓட்டுகிறான். ராத்திரி போன் இப்போது அண்ணியின் கையில். அண்ணி அம்மா மாதிரி பேசிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. ஒரு நோட்டு போட்டிருக்கிறார். கிருஷ்ணகிரியிலிருந்து புனேவரை எந்த இடத்தில் நிற்கலாம், தரை எப்படி, எத்தனை மணிக்குள் போக வேண்டும், தண்ணீர் உண்டா, எந்த வாட்ச்மேன் விரட்டமாட்டார் என்று அண்ணனிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அதை ஓட்டுநர்களின் மனைவிகள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மற்றவர்கள் திருத்துகிறார்கள், புது இடம் சேர்க்கிறார்கள். ராத்திரியில் ஒருத்தி கேட்டால் விழித்திருக்கும் இன்னொருத்தி பதில் போடுகிறாள், மற்றவர்கள் தூங்குகிறார்கள்.

போன மாதம் அந்த நோட்டில் அண்ணி புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். தலைப்பு: 'பொம்பளைக்கு கக்கூஸ்'. 43 இடங்களில் ஆறுக்கு மட்டும் சரி குறி போட்டிருந்தது.

"எதுக்கு அண்ணி இது?" என்றேன்.

"வர்ற லீவுல நானும் ஒரு டிரிப் போறேன்" என்றார்.