தருவைகுளம்: கேட் இல்லாத சரணாலயம்

காட்டு விலங்கு பார்க்கப் போகிறோம் என்றால் நமக்குத் தெரிந்தது முதுமலை, டாப்ஸ்லிப், வேன் ஜன்னல், தூரத்தில் ஒரு யானை... அவ்வளவுதான். தூத்துக்குடியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனாலும் பார்க்கலாம் என்று சொன்னால் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். "அங்க என்னல இருக்கு? உப்பளந்தான!"

அந்த உப்பளம்தான் விஷயமே!

ஒரு ஜனவரி ஞாயிறு. மூன்று கல்லூரிப் பையன்கள், இரண்டு பைக், இரவல் வாங்கிய ஒரு பைனாகுலர். விடியும் முன்பே கிளம்பினார்கள். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகள். தருவைகுளம் நெருங்கும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவன் தோளைத் தட்டினான். தண்ணீரில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. உப்புக் குவியல் என்று நினைத்தார்கள். கோடு நடந்தது. பூநாரைகள்!

உப்பளத்தில் பூநாரைக்கு என்ன வேலை? கடைசிப் பாத்தியில்தான் உப்பு விளையும். அதற்கு முன் பெரிய பாத்திகளில் தண்ணீரைத் தேக்கி, வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ட விடுவார்கள். உப்பு ஏற ஏற மீன்கள் தாங்காது. ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகை தாங்கும். பூநாரை வளைந்த அலகைத் தலைகீழாக வைத்து இது போன்ற சிற்றுயிர்களை அரித்துத் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறமே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.

யாரும் பறவைக்காகப் பாத்தி கட்டவில்லை. உப்புக்காகக் கட்டினார்கள், பறவை வந்தது. பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றபோது, கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் முழங்கால் சேற்றில் நின்று, மழையில் கெட்டுப்போன பாத்திகளைச் சீர்செய்து கொண்டிருந்தார்கள். மழை மாதங்களில் அவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் பறவைகள் வந்து சேரும்.

அடுத்து கடற்கரை. பார்க்க ஆசைப்பட்டது கடல்பசுவை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடல்பசு கடற்புல் மேயும் பாலூட்டி. மூச்சு விட மட்டும் மேலே வரும். சில வருடங்களுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டிதான் போடும். அதனால் ஒன்று செத்தாலும் அந்த நஷ்டம் லேசில் ஈடாகாது.

வலை பின்னிக் கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார்கள்.

"அண்ணே, இங்க கடல்பசு பாக்க முடியுமா?"

"பாக்கணும்னு போனா எங்க தம்பி பாக்க? வலைல மாட்டுனாத்தான் தெரியும்."

"மாட்டுனா என்ன செய்வீங்க?"

"அறுத்து விடணும். பாவம், மூச்சு முட்டிச் செத்துரும்லா. விட்டுருவோம். ஆனா வலைய யாரு தம்பி வாங்கித் தருவா?"

மூவருக்கும் பதில் தெரியவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். கடல்பசுவைப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. புலிக்குக் காடு என்று தனியாக ஒன்று இருக்கிறது, கேட் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. இந்தக் கரையின் உயிர்கள் வாழ்வது அடுத்தவர் வேலை செய்யும் இடத்தில். கடல்பசுவைக் கொன்றால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடல்பசுக் காப்பகமும் வந்துவிட்டது. அதுவும் நல்லது. ஆனால் நடுக்கடலில், ராத்திரியில், யாரும் பார்க்காத நேரத்தில் கத்தியை எடுத்துத் தன் வலையைத் தானே அறுப்பவர் மீனவர்தான். குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்காக வலையை அறுத்த மீனவர்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். அங்கே பல சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பின.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். பற்று என்று ஒன்று இருந்தால் வரவும் இருக்க வேண்டும். பூநாரையும் கடல்பசுவும் நம் எல்லோருக்கும் வரவு. பற்று மட்டும் ஏன் உப்பளத்துக்காரர் பெயரிலும் வலைக்காரர் பெயரிலும் எழுதப்படுகிறது?

அந்தப் பக்கம் போனால் பாத்தி வரப்பில் பைக்கை ஏற்றாதீர்கள். கல்லெறிந்து பறவையைப் பறக்கவிட்டு போட்டோ எடுக்காதீர்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். பைனாகுலரில் தெரியாதது எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.