உமிச் சாம்பல்

கந்தளாய்க் குளத்து நீர் பாய்கின்ற தம்பலகாமத்து வயல்களில் அறுவடை முடிந்ததும், அப்பகுதி நெல் ஆலைகளின் பின்புறத்தே உமி குவியத் தொடங்கும். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமியே. நெல் அவிக்கும் அடுப்புக்குச் சிறிது போக, எஞ்சியது வெளியே கிடந்து நாட்கணக்காகப் புகையும். அப்புகை கண்ணைக் கரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சென்றவர்களுள் நாமும் ஒருவர்.

சென்ற போயா விடுமுறையன்று நம் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். அத்தகைய ஆலையொன்றில் மூட்டை சுமக்கிறான். காகிதத்தில் ஒரு பிடி சாம்பலை மடித்துக்கொண்டு வந்திருந்தான்.

“சேர், பற்றரிக்குள்ள போடுற சிலிக்கன் இந்தச் சாம்பலுக்குள்ளதான் இருக்காம். உண்மையோ?”

தமிழ் கற்பிக்கும் நமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நாணம். அடுத்த கிழமை வரச்சொல்லி அனுப்பிவிட்டு, சில இரவுகள் விழித்திருந்து படித்தோம்.

அவன் கேட்டது உண்மைதான். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியிலே சேர்த்து வைக்கிறது. உமியை எரித்தால் எஞ்சுகின்ற சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவே. உமியை அமிலத்திற் கழுவி, அளவான வெப்பத்தில் எரித்து, கிடைக்கும் சிலிக்காவை மகனீசியத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஒட்சிசன் நீங்கிச் சிலிக்கன் மிஞ்சும். அதனை மின்கலத்திற் பயன்படுத்தலாம் என்பதை அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் யீ சுயி என்னும் அறிஞரின் குழுவினர் 2013இல் எழுதிக் காட்டினர்.

மின்கலத்துக்குச் சிலிக்கன் எதற்கு? 1991இல் ஜப்பானின் சொனி நிறுவனம் இலித்தியம் மின்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இன்று அத்தகைய மின்கலங்களின் ஒரு முனையிற் பெரும்பாலும் இருப்பது காரீயம். மின்னேற்றும்போது இலித்தியம் அங்கே வந்து தங்கும். ஓர் இலித்தியத்துக்கு இடங்கொடுக்க ஆறு காபன் அணுக்கள் வேண்டும். சிலிக்கனோ ஓரணுவுக்கு நான்கு வரை ஏற்றுக்கொள்ள வல்லது. எடைக்கு எடை பார்த்தால் கொள்ளளவு ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆனால் நிரம்ப உண்டதும் மூன்று, நான்கு மடங்கு பருத்துவிடும், வெறுமையானதும் சுருங்கும். இப்படிப் பருத்துச் சுருங்கிச் சில நாளில் நொறுங்கிப் போகும். விஞ்ஞானிகளைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த இடர் இதுவே.

குறூப் ஃபோர்ட்டீன் என்றொரு கம்பனி 2015இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே தோன்றியது. நுண்துளைகள் நிறைந்த காபன் துகளை முதலிற் செய்து, சிலேன் என்னும் வாயுவைச் செலுத்தி, அத்துளைகளுக்குள்ளேயே சிலிக்கனைப் படியவைக்கிறார்கள். பருப்பதற்கு உள்ளேயே இடமிருப்பதால் துகள் உடைவதில்லை. காபனும் சிலிக்கனும் ஆவர்த்தன அட்டவணையின் பதினான்காம் கூட்டத்தைச் சேர்ந்தவை; பெயர்க்காரணம் அதுதான். (பெயர்க்காரணத்தைத் தேடியது தமிழாசிரியப் பழக்கம், வாசகர் பொறுத்தருள்க.) 2022இல் போர்ஷே என்னும் ஜெர்மன் மோட்டார்க் கம்பனி அதிலே பத்துக் கோடி டொலர் முதலிட்டது. தென்கொரியாவின் சாங்ஜுவிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு.

அந்தக் கம்பனி நம் ஊர் உமியைத் தேடி வரப்போவதில்லை. உமியால் நாளையே தம்பலகாமம் செழித்துவிடும் என்று சொல்லவும் நாம் வரவில்லை. வந்தாலும் எதற்காக வருவார்கள் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று கிடக்கிறது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கரிய மணல். அதனை எடுக்க அரசு 1957இல் கூட்டுத்தாபனம் அமைத்தது. மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் எனப் பிரிப்பது வரை இங்கே நடக்கும். பிரித்த இல்மனைட் கப்பலேறிவிடும். அதனை வெண்ணிறப் பூச்சுப் பொருளாக மாற்றும் இரசாயனத் தொழில் பிறர் நாட்டில். போகலை, ககட்டகஹச் சுரங்கங்களின் காரீயமும் இவ்வாறே நூறாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே சென்றது. இப்பொழுது கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், 2006இல் மக்கள் இடம்பெயர்ந்த சம்பூரில், 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரிலில் தொடக்கவிழா நடந்தது. அந்தப் பலகைகளுக்குள் இருப்பதும் சிலிக்கனே. அதுவும் கப்பலில்தான் வரும்.

இதையெல்லாம் மறுகிழமை அவனிடம் சொன்னோம். அமைதியாகக் கேட்டான். பின்பு, “நான் அப்பவே கெமிஸ்ற்றி படிக்க வேணுமெண்டு கேட்டனான் சேர்” என்றான்.

கேட்டான்தான். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ‘ஏ’ எடுத்த பிள்ளை. நமது பாடசாலையில் அப்போது உயர்தர இரசாயனத்துக்கு ஆசிரியர் இல்லை. நகரத்துக்குப் போய்த் தனிவகுப்பிற் படிக்கப் பேருந்துக் காசுக்கும் வழியில்லை. “கலைப்பிரிவை எடு தம்பி, தமிழ் உனக்கு நன்றாக வரும்” என்று அவனுடைய தாயின் முன்னிலையிற் சொன்னவர் நாமே. நம் வகுப்புக்கு ஒரு நல்ல மாணவன் கிடைத்தான் என்ற மகிழ்ச்சியும் உள்ளூர இருந்தது. அதை இப்போது மறைப்பானேன்? ஆசிரியர் கேட்டுப் போராடியிருக்க வேண்டிய இடத்தில் அறிவுரை கூறி முடித்துக்கொண்டோம். அவனும் ஓராண்டு படித்தான். தந்தை நோயில் விழ, ஆலைக்குப் போனான்.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான். நகரத்து நண்பரொருவரிடம் பழைய இரசாயன நூல்களை இரவல் வாங்கியிருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் வேலை முடிந்து, முழங்கை வரை தவிடு ஒட்டியிருக்க வருகிறான். நமக்குக் கற்பிக்கத் தெரியாது, உடனிருந்து வாசிக்கிறோம். போன ஞாயிறு ஆவர்த்தன அட்டவணையில் முதல் இருபது மூலகங்களை அவன் ஒப்புவித்தான். நாம் பதினொன்றில் நின்றுவிட்டோம்.