த்ரீ நாட் த்ரீ என்ன விலைங்க?

இங்கிலாந்தில் பழைய துப்பாக்கிகளை வாங்கிச் சேர்ப்பவருக்குப் பெயர் கலெக்டர். நம்மூரில் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுவோடு போய் நிற்க வேண்டியவரும் கலெக்டர்! (கோவை மாநகருக்குள் என்றால் போலீஸ் கமிஷனர்.) அந்தக் கலெக்டர் கொண்டாடுகிற, இந்தக் கலெக்டர் கூடத் தர முடியாத ஒரு பெரியவரைப் பார்க்கத்தான் கோவை போலீஸ் மியூசியத்துக்குப் போனேன். ஜாதகப்படி பெயர் லீ என்ஃபீல்டு. ஊர் கூப்பிடும் பெயர், த்ரீ நாட் த்ரீ.

மியூசியக் கட்டடமே ஒரு பழம்பொருள்தான். 1918-ல் இங்கே போலீஸ் சூப்பரிண்டெண்டாக இருந்த ஹாமில்டன் துரை, அதிகாரிகள் பொழுதுபோக்கக் கட்டிய கிளப். பாழடைந்து கிடந்ததைப் புதுப்பித்து 2018-ல் மியூசியமாகத் திறந்தார்கள்.

பெரியவரின் பூர்வீகம் இது. தோட்டாப் பெட்டியும் போல்ட்டும் ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் மூளை. குழாயின் உள்வரி, லண்டனை ஒட்டிய என்ஃபீல்டு தொழிற்சாலையின் கைவேலை. 1895-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். குழாயின் உள்விட்டம் .303 அங்குலம், பெயர்க் காரணம் அவ்வளவே. ஒரே மூச்சில் பத்துத் தோட்டா. இரண்டு உலகப் போர்களையும் பார்த்தாயிற்று. கல்கத்தா பக்கத்து இஷாப்பூரிலும் இவரைத் தயாரித்தார்கள்.

இவருக்கு ஒரு தம்பியும் உண்டு: .410 மஸ்கட். 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு நம் ஆட்கள் மேல் ஏக சந்தேகம். அதனால் இதே துப்பாக்கியின் உள்வரியை வழித்தெடுத்து மாற்றிப் போலீஸ் கையில் கொடுத்தான். நம்பிக்கை எவ்வளவு பாருங்கள்!

பேரனோடு வந்திருந்த ஒரு ரிடையர்டு ஏட்டய்யாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏனுங்கய்யா, இதை அமெரிக்காவுல ஆசையா வாங்கி மாட்டி வெக்கறாங்களாமே?"

"வெக்கட்டுமுங்க. நாலு கிலோ கனம். பந்தோபஸ்துக்கு நாள் பூராத் தூக்கிட்டு நின்னா, தோள்பட்டை வலிக்கு ஆரு விலை போடறதுங்க தம்பி?"

விலை போடுகிறவர்கள் பார்ப்பது வேறு. போல்ட்டிலும் உடலிலும் ஒரே நம்பரா? மரம் ஆதி மரமா? இஷாப்பூர் சரக்கில் கிரீடமும் 'ஜி.ஆர்.ஐ.' முத்திரையும் இருந்தால் ராஜா காலத்தது. அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசு காலத்தது. அழுக்காக இருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தீர்களோ, மதிப்பு அங்கேயே பாதாளத்துக்குப் போயிற்று! 2003-ல் நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கையே அமெரிக்க வியாபாரிகள் விலைபேசி, கப்பலேற்றிக் கொண்டு போனார்கள்.

இங்கே அந்த ஆசை வேண்டாம். ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கி என்பதால் .303 தனியாருக்குத் தடை. அதனால்தான் நம் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென்று .315 ரைஃபிள் செய்தன. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின், லைசென்ஸ் இருந்தாலும் சாதாரணமாக ஆளுக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்தால் சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள். ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்.

உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு இவருக்கு விடைகொடுத்தது. நம் கொங்குச் சீமையில் அவ்வளவு சுலபமாக விடைகொடுத்துவிட முடியாது. அவிநாசி தாண்டி, இன்றைய திருப்பூர் மாவட்டத்துப் பெருமாநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாருங்கள். மின்கட்டணத்தில் ஏற்றிய ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லிப் போராடிய விவசாயிகள் மீது, 1970 ஜூன் 19-ந் தேதி போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். த்ரீ நாட் த்ரீயும் மஸ்கட்டும் போலீஸ்காரர் தோளில் தொங்கிய காலம் அது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதன் நம்பரையும் முத்திரையையும் படித்து உலகச் சந்தையில் விலை சொல்லிவிடலாம். பெருமாநல்லூர் நினைவுச் சின்னத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், என்ன விலைங்க?