வாடகை தராத குடித்தனக்காரர்

மூக்கு எதற்கு என்று கேட்டால், மூச்சு விடவும் மூக்குத்தி போடவும் என்பீர்கள். இன்னொன்றும் உண்டு, சகோதரிகளே! நம்மில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய மூன்று பேர் மூக்கில், வாடகை தராமல் ஒரு குடித்தனக்காரர் இருக்கிறார். 'ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்று பெயர். மூக்கோடு இருக்கும்வரை பரம சாது. காயத்தின் வழியாக உள்ளே புகுந்துவிட்டாலோ, உயிருக்கே உலை வைக்கக் கூடிய கிருமி.

1928-ல் லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் பெனிஸிலினைக் கண்டுபிடித்தது, இந்த வர்க்கத்துக் கிருமியை வளர்த்த தட்டில்தான். நாளடைவில் கிருமி அதை முறிக்கக் கற்றுக்கொண்டது. 1959-ல் மெதிஸிலின் என்ற புது மருந்து வந்தது. 1961-லேயே இங்கிலாந்தில் அதற்கும் மசியாத ரகம் தலைகாட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடையே பழகும் வைத்திய மாணவர்கள் மூக்கிலும் அது குடியேறுவதுண்டு.

என் அக்கா பிள்ளை வைத்தியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். பாடத்துக்காக மாணவர்கள் மூக்கைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதித்தபோது, அவனிடம் அந்த ரகம் இருந்தது. வீட்டிலோ என் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்ய நாள் குறித்தாயிற்று!

அக்கா அவன் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்தாள். படுக்கை மொட்டை மாடிக்குப் போயிற்று.

"ஏண்டி, நாளைக்கு டாக்டராகப் போகிற பிள்ளையை இப்படியா ஒதுக்குவாய்?" என்று அம்மா கண் கலங்கினாள்.

அவன் பதறவில்லை. "எனக்கு வியாதி இல்லை, சித்தி. மூக்கிலிருந்து கைக்கு, கையிலிருந்து அடுத்தவருக்கு. முக்கியமாக அதுதான் இதன் பாதை. கையைக் காவல் காத்தால் பாதி ஜெயம்" என்றான். பாட்டியின் டாக்டரிடம் தானே போய் விஷயத்தைச் சொன்னான். அவர் அம்மாவின் மூக்கையும் சோதித்துப் பார்த்தார், கிருமி இல்லை. பேரனுக்கு மூக்கில் தடவக் களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறைத்திருந்தால்? நினைக்கவே பயமாயிருக்கிறது.

மாணவர் கை என்றதும் 1847-ம் வருஷத்து வியன்னா ஞாபகம் வருகிறது. பிரேதப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவ வார்டுக்குப் போவார்கள். அங்கே தாய்மார்கள் ஜுரம் கண்டு மாண்டார்கள். மருத்துவச்சிகள் பயின்ற வார்டில் சாவு குறைவு. ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும், 'எங்கள் கையா அசுத்தம்?' என்று பெரிய டாக்டர்கள் பலர் முகம் சுளித்தார்கள்!

ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போனால், "கை கழுவிவிட்டீர்களா, டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நோயாளியைத் தொடுமுன் நீங்களும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போன தடவை மீந்த மாத்திரையை இந்தத் தடவை ஜலதோஷத்துக்குக் கொடுக்காதீர்கள். அரைகுறை அளவில் பெனிஸிலின் சாப்பிட்டால் கிருமிக்குத்தான் பயிற்சி என்று, 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்துவிட்டார்.

குடித்தனக்காரரைக் காலி செய்ய சில சமயம் முடியாமல் போகலாம். அடுத்த வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்கலாமல்லவா? அதற்கு வேண்டியது ஒரு சோப்பும், உண்மையைச் சொல்லும் துணிச்சலும்தான்.